எரிந்த காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை, மட்கிய மரத்துக்குத்தான் பஞ்சம்

"கடும் காட்டுத்தீ எரிந்த இடத்தில் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப்போயிருக்குமே, அப்புறம் விழுந்து கிடக்கும் மரங்கள் எப்படி மட்கும்? இதை இரண்டு ஆண்டு ஆய்வில் அளந்துவிட முடியுமா?" என்று வனவியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓர் ஊசியிலைக் காட்டில் முதுகலை ஆய்வுக்குச் சேரப்போகிறாராம். இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: எரிந்த மண் செத்த மண்ணா? அந்தப் பக்கத்துக் காடுகளில் கட்டைகளைப் புதைப்பதும், சில ஆண்டு கழித்துத் தோண்டியெடுத்து எடை போடுவதுமே எனக்குப் பல ஆண்டுகளாக வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. எரிந்த மண் செத்த மண் இல்லை. மண் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மரமுச்சி வரை பற்றியெரியும் தீ, பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சில நிமிடங்களில் கடந்து போய்விடும். அதன் சூடு கனிம மண்ணில், அதாவது இலைப் படுகைக்குக் கீழேயிருக்கும் மண்ணில், பெரும்பாலும் சில சென்டிமீட்டருக்குக் கீழே போகாது. மண்ணில் வாழும் பூஞ்சைகளைக் கொல்ல 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை போதும். பாக்டீரியாக்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆகவே மேல்மண்ணில் பூஞ்சைகளுக்கு அடி பலமாகத்தான் விழும். ஆனால் ஒரு சாண் ஆழத்தில் வாழ்க்கை ஏறக்குறைய பழையபடியே நடக்கும்.

விதிவிலக்கு, தீ நின்று கனன்ற இடம். கீழே கிடந்த பெரிய மரம் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் புகைந்து எரிந்திருந்தால் அதன் அடிமண் 500 டிகிரியையும் தாண்டிச் சுட்டுவிடும். எரிந்த காட்டில் முதல் மழைக்கு முன் நடந்து பாருங்கள். கறுப்புத் தரையின் நடுவே, மரம் கிடந்த நீளத்துக்கு ஒரு வெள்ளைச் சாம்பல் கோடு தெரியும். சாம்பலைக் கையால் ஒதுக்கினால் அடியில் மண் செங்கல் நிறத்தில் இருக்கும். மண்ணிலிருந்த இரும்பு சூளையில் சுட்டதுபோல மாறியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோட்டுக்கு இரண்டடி தள்ளித் தோண்டினால் வேர்நுனிகூட உயிரோடு இருக்கும். நடக்கும்போது கவனம் தேவை. வேரோடு எரிந்துபோன அடிக்கட்டைகள் மண்ணுக்குள் சுரங்கம் மாதிரி ஓட்டைகளை விட்டிருக்கும், மேலே சாம்பல் மூடியிருப்பதால் தெரியாது. கால் முழங்கால்வரை உள்ளே போய்விடும். உள்ளே தணல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. எரிந்த முதல் சில வாரங்களில் அங்கே தனியாகப் போகாதீர்கள்.

இங்கேயே ஆய்வின் முதல் சிக்கல் வந்துவிடுகிறது. "கடுமையாக எரிந்தது" என்று எதை வைத்துச் சொல்வது? செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகக் காட்டப்படும் பகுதி, பெரும்பாலும் மரங்களின் தலை எரிந்ததைத்தான் சொல்கிறது. தலை முழுக்க எரிந்தும் தரையில் ஊசியிலைப் படுகை பாதி மிஞ்சிய இடங்களும் உண்டு. தலை பச்சையாகவே இருக்க, அடியில் கனன்று மண்ணைச் சுட்ட இடங்களும் உண்டு. மட்குவதைப் படிப்பவருக்கு மண் எவ்வளவு சுட்டது என்பதுதான் கணக்கு. சாம்பலின் நிறம், மிஞ்சிய படுகையின் தடிமன், மண்ணின் நிறம், மெல்லிய வேர்கள் கருகிய ஆழம் ஆகியவற்றை நேரில் போய்க் குனிந்து பார்த்துத்தான் குறித்துவர வேண்டும்.

தீக்குப் பிறகு மண்ணுக்கு யார் வருகிறார்கள் என்பதும் நன்றாகத் தெரிந்த விஷயம். சில வாரங்களிலேயே எரிந்த தரையில் ஆரஞ்சு நிறப் பூச்சு மாதிரி பைரோனீமா என்ற பூஞ்சை படரும். சூட்டில் செத்த உயிர்கள் விட்டுப்போனதைத் தின்றே அது பெருகுகிறது. ஓரளவு கரியையும் அது சிதைக்கும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. கர்நாடகத்தில் மத்தூர் பக்கம் கரும்பு வெட்டியபின் தோகைக்குத் தீ வைத்த வயல்களில், கருகிய கட்டைக்கரும்பின்மேல் நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சுப் பூஞ்சை பொங்கி வருவதை இந்திய அறிவியல் கழகத்தின் இரமேஷ் மகேஸ்வரியும் அவருடன் வேலை செய்தவர்களும் விரிவாக ஆராய்ந்தார்கள். அதன் வித்துகளில் ஒரு வகை, சூடு பட்டால் விழித்து முளைக்கும். ஆனால் இவை மரத்தை மட்கவைக்கும் கூட்டம் இல்லை. எரிந்த தரையில் பூஞ்சை படர்ந்திருக்கிறது, ஆகவே மரம் மட்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதினால் தவறு.

மரத்தை மட்கவைப்பவை காற்றில் வரும் வித்துகளாகவும், மரத்துக்குள்ளேயே முன்பிருந்து தங்கிய பூஞ்சைகளாகவும், வண்டுகளின் உடம்பில் ஒட்டியும் வருகின்றன. மெலனோபிலா என்றொரு வண்டுக்கு அகச்சிவப்பு வெப்பத்தை உணரும் குழிகள் உடம்பிலேயே இருக்கின்றன. மரம் புகைந்துகொண்டிருக்கும்போதே பறந்துவந்து முட்டையிடும். நீள்கொம்பு வண்டுகளின் புழுக்கள் பட்டைக்கு உள்ளே புகுந்து, பிறகு மரத்தையே குடையும். தீ எரிந்த அடுத்த கோடையில், காற்றில்லாத மதியத்தில், கருகிய பைன் மரம் ஒன்றில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே 'கரக், கரக்' என்று மெல்லும் சத்தம் தெளிவாகக் கேட்கும். அடிமரத்தைச் சுற்றி மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடக்கும். புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் அப்புறம் காற்றும் நீரும் பூஞ்சையும் உள்ளே போகின்றன.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெருந்தீ மரத்தை எரித்துத் தீர்ப்பதில்லை. உயிரோடிருந்த மரத்தைக் கொல்கிறது, அவ்வளவுதான். ஊசியிலையும் சிறு கிளையும் எரியும், பட்டை கருகும். அடிமரம் ஏறக்குறைய முழுசாக நிற்கும். 1988இல் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தீயில் சிக்கியது. அங்கே தரையில் ஏற்கெனவே கிடந்த பருமரங்களில்கூடச் சராசரியாக 8 விழுக்காடு அளவுக்கு எரிந்துபோனது, இன்னொரு 8 விழுக்காடு அளவுக்குக் கரியானது என்று டேனியல் டிங்கரும் டென்னிஸ் நைட்டும் 2000இல் கணக்குச் சொன்னார்கள். ஆக, தீக்குப் பின் காட்டில் செத்த மரம் குறைவதில்லை, கூடுகிறது.

ஆனால் எது எரிகிறது என்று பாருங்கள். பச்சை மரமும் புதிதாக விழுந்த கெட்டிக் கட்டையும் தப்பிக்கின்றன. உளுத்து, நொறுங்கி, பாதி மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய மரம் கோடைக்கடைசியில் காய்ந்து சருகாக இருக்கும். தீப்பொறி பட்டால் அது கொழுந்துவிட்டு எரியாது. உமி மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்று மொத்தமாகச் சாம்பலாகிவிடும். இத்தனைக்கும் காட்டுக்கு வேண்டியது அந்த உளுத்த மரம்தான். ஹார்வி, லார்சன், ஜர்கன்சன் என்ற மூவரும் 1970களில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலக் காடுகளில் வேர்ப்பூஞ்சைகளை, அதாவது மரவேரோடு கூட்டுச் சேர்ந்து அதற்கு நீரும் சத்தும் தேடித்தரும் பூஞ்சைகளை, எண்ணிப் பார்த்தபோது, வறண்ட மாதங்களில் உயிருள்ள வேர்ப்பூஞ்சைகள் மண்ணுக்குள் மட்கிய மரத்தில் வந்து குவிந்திருந்தன. காரணம் எளிது. பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாக உதிரும் அந்த மரம் கோடையிலும் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் அப்படி ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பிழிந்திருக்கிறேன். சுற்றிலும் மண் தூசியாகப் பறக்கிறது, விரலிடுக்கில் தண்ணீர் கசிகிறது.

ஆகவே கடுந்தீக்குப் பிறகு காட்டில் மரம் நிறைய இருக்கும், மட்கிய மரம் இருக்காது. பழையது எரிந்துபோயிற்று, புதியது இன்னும் மட்க ஆரம்பிக்கவில்லை. இந்த இடைவெளி எத்தனை ஆண்டு நீளும் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நுண்ணுயிர் இருக்கிறதா, இல்லையா என்பது அதில் சிறிய பகுதிதான்.

இடைவெளியை நீட்டுவது எது என்று கேட்டால், மரம் நின்றுகொண்டிருப்பது. கிராமத்தில் வேலிக்கால் பார்த்தவர்களுக்கு இது புரியும். மண்ணுக்கு மேலே கால் அப்படியே இருக்கும், ஆழத்தில் புதைந்த நுனியும் ஓரளவு கெட்டியாக இருக்கும், மண்மட்டத்தில்தான் இற்று ஒடியும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடாவது நீர் இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும். நீர் முழுக்க நிரம்பிவிட்டால் காற்றில்லாமல் வேலை நின்றுவிடும். தீயில் செத்து நிற்கும் மரம் வெயிலில் காய்ந்து வெடித்து, வெளிமரம் தோல் மாதிரி இறுகிவிடும். அதன் அடி இற்றுத்தான் விழ வேண்டும். சிறு மரங்கள் சில ஆண்டுகளில் விழும். பெரிய மரங்கள் விழப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகூட ஆகும். விழுந்தாலும் ஒன்றின்மேல் ஒன்றாக, மண்ணைத் தொடாமல் கிடந்தால் அதுவும் நின்ற கணக்குத்தான். அதனால்தான் இத்தனை ஆண்டில் பாதி மட்கும் என்று ஒரே வளைகோட்டுச் சூத்திரத்தை முதல் நாளிலிருந்து போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. முதல் பத்து இருபது ஆண்டு அந்தக் கோடு தரைமட்டமாகவே ஓடக்கூடும்.

இனி, அளப்பது எப்படி என்ற பகுதி. காட்டில் விழுந்த மரத்தையே அளந்தால் ஒரு தொல்லை: ஒவ்வொரு மரமும் வேறு. வைரம் பாய்ந்த உள்மரம் எவ்வளவு, எப்போது செத்தது, முன்பே பூஞ்சை இருந்ததா என்று எதுவும் தெரியாது. வேகம் வேறுபட்டால் அது மண்ணாலா, மரத்தாலா என்று பிரிக்க முடியாது. இதற்காக அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் பல காலமாகச் செய்யும் வழி ஒன்று உண்டு. ஆஸ்பென், லாப்லாலி பைன் என்ற இரண்டு மரங்களில் முடிச்சில்லாத பலகையிலிருந்து குறுக்கே ஏறத்தாழ 2.5 செ.மீ. சதுரமான நீளக் கட்டைகளை அறுத்து, எல்லா இடத்திலும் அதே கட்டைகளைப் புதைப்பார்கள். மரம் ஒன்றாகவே இருப்பதால், எடை இழப்பில் வரும் வேறுபாடு மண்ணுடையது. ஆஸ்பெனில் லிக்னின் (மரநாரைப் பசைபோல இறுக்கிப் பிடிக்கும் பொருள்) குறைவு, சீக்கிரம் மட்கும். பைன் மெதுவாகப் போகும், ஊசியிலைக் காட்டின் மரத்துக்கு நெருக்கமாகவும் இருக்கும்.

ஒவ்வொரு கட்டையிலிருந்தும் ஒரு துண்டை முதலிலேயே வெட்டி ஆய்வகத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை காட்டுக்குப் போகுமுன் எப்படியிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. படுகையின்மேல் சில, படுகைக்கும் கனிம மண்ணுக்கும் நடுவில் சில, கனிம மண்ணுக்குள் செங்குத்தாகச் சில என்று வையுங்கள். மண்ணுக்குள் போகும் கட்டைக்கு, அதே அளவுச் சதுரக் குழாயால் துளை எடுத்து, பக்கவாட்டில் இடைவெளி இல்லாமல் இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் கட்டை பிளக்கும், மண்ணும் இறுகும். மேல்நுனியில் சாயம் பூசி அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது திரி மாதிரி ஈரத்தை மேலே இழுத்துவிடும். பக்கத்திலேயே மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் பதிவுசெய்யும் கருவி ஒன்று இருக்கட்டும். அது இல்லாமல் எடுத்த எடைக் கணக்குக்கு விளக்கம் சொல்லவே முடியாது.

தோண்டியெடுக்கும்போது கண்ணை நம்ப வேண்டாம். பழுப்பு அழுகல் பூஞ்சை, மரத்தின் நாரான செல்லுலோஸின் நீண்ட இழைகளை முதலில் துண்டிக்கும், தின்பது அப்புறம்தான். எடை 10 விழுக்காடுகூடக் குறையாதபோதே மரம் பாதிக்கும் மேல் வலிமையை இழந்திருக்கும். நான் எடுத்த ஒரு பைன் கட்டை வெளியே புதிதாக அறுத்தது போலவே இருந்தது, வெட்டிய விளிம்பு கூர்மையாகக்கூட இருந்தது. மண்ணைத் தட்டலாம் என்று இரண்டு நுனியையும் பிடித்தேன். வறுத்த அப்பளம் மாதிரி சத்தமில்லாமல் குறுக்கே ஒடிந்துவிட்டது. ஆகவே எடையோடு வலிமையையும் அளக்க வசதியிருந்தால் அளந்துவிடுங்கள், இரண்டு ஆண்டு ஆய்வுக்கு அது பெரிய உதவி. வெள்ளை அழுகல் வேறு மாதிரி. லிக்னினையும் சேர்த்துத் தின்பதால் மரம் வெளுத்து, நார்நாராகப் பஞ்சு மாதிரி வரும். எந்த அழுகல் என்பதைத் தவறாமல் குறியுங்கள். பழுப்பு அழுகல் மிச்சம் வைக்கும் லிக்னின் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும், வெள்ளை அழுகல் அப்படி அதிகம் எதையும் விட்டுவைப்பதில்லை.

மட்கிய கட்டைக்குள் மண்ணும் மெல்லிய வேர்களும் புகுந்திருக்கும். வேரைப் பொறுமையாகப் பிடுங்கிவிடலாம், மண்ணைப் பிரிக்க முடியாது. கட்டையை 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி எடைபோட்டு, ஒரு பகுதியை உலையில் முழுக்க எரித்து, மிஞ்சும் சாம்பலைக் கொண்டு மண்ணின் எடையைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல், மட்கிய கட்டை எடை கூடியிருப்பதாகக் கணக்கு வந்து குழம்பியவர்களை எனக்குத் தெரியும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எரிந்த மண்ணில் மரம் வேகமாக மட்குமா, மெதுவாக மட்குமா என்று ஒரே வரியில் கேட்டால்தான் தயங்குவேன், ஏனென்றால் எதிரெதிரான இரண்டு சக்திகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. நிழல் போனதால் தரை சுடுகிறது, சூடு நுண்ணுயிருக்கு நல்லது. நீரை உறிஞ்ச மரங்கள் இல்லாததால் ஆழத்து மண்ணில் ஈரம் கூடுதலாக நிற்கிறது. சாம்பல் மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையை, குறைக்கிறது, அம்மோனியம் என்ற தழைச்சத்து கொஞ்சகாலம் கூடுகிறது. இவையெல்லாம் மட்குதலுக்குச் சாதகம். மறுபக்கம், படுகை எரிந்து மேல்மண் வெயிலில் காய்கிறது. தாவர மெழுகுகள் ஆவியாகிக் கீழே படிந்து சில சென்டிமீட்டர் ஆழத்தில் நீர் இறங்காத அடுக்கொன்று உண்டாகிறது. மரத்தை மட்கவைக்கும் பூஞ்சைகள் திரும்பிவர நாளாகிறது. என் அனுபவத்தில் கனிம மண்ணுக்குள் புதைத்த கட்டைகள் எரிந்த இடத்தில் பின்தங்கியதில்லை, மேற்பரப்பில் வைத்தவைதான் காய்ந்து அப்படியே கிடந்தன. ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஈரமான வடசரிவில் வேறு மாதிரி வரலாம். கரியும் அப்படித்தான். கரி மண்ணில் நெடுங்காலம் நிற்கும் என்பது உறுதி. கருகிய மேல்தோல் உள்ளிருக்கும் மரம் மட்குவதைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கருகாத வெடிப்பு ஒன்று இருந்தால் பூஞ்சை அது வழியாகப் போய்விடும் என்பது நான் பார்த்தது.

இன்னொரு பலவீனத்தை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எந்த இடம் எரிய வேண்டும் என்று நாம் சீட்டுக் குலுக்கித் தீ வைப்பதில்லை. கடுமையாக எரிந்த இடம் பெரும்பாலும் முன்பே வறண்ட சரிவாகவோ, மரம் நெருங்கிய இடமாகவோ இருந்திருக்கும். எரியாத இடத்தோடு ஒப்பிடும்போது தீயின் விளைவையும் அந்த இடத்தின் இயல்பையும் சேர்த்தேதான் அளக்கிறோம். ஒரே தீப்பரப்புக்குள் 50 கட்டை புதைத்தாலும் அது ஒரு தீதான், 50 தீ இல்லை. சரிவு, உயரம், மண்வகை ஒத்த இடங்களைத் தேடிப்பிடிக்க ஒரு மாதம் செலவானாலும் பரவாயில்லை.

காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரிகன் மாநிலத்தில் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் வனச்சூழல் ஆய்வாளர் மார்க் ஹார்மன் 1985இல் நான்கு வகை மரங்களில் 500க்கும் மேற்பட்ட பெரிய கட்டைகளை ஆறு இடங்களில் கிடத்தி ஓர் ஆய்வைத் தொடங்கினார். திட்டமிட்ட காலம் 200 ஆண்டு. தொடங்கியவரும் அவருடைய மாணவர்களும் முடிவைப் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே தொடங்கிய வேலை அது. 2023 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய தீ அந்த ஆய்வுக்காட்டின் பெரும்பகுதியில் பரவியது. தீ ஆய்வை முறித்துப்போடும் என்பதையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் அடையாளச் சீட்டு வேண்டாம். எண் பொறித்த உலோகத் தகடும், புதைத்த இடத்தை மீண்டும் காட்டும் இரும்புக் கம்பியும் வையுங்கள்.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்து இதே முடிவுகளை நம் காடுகளுக்குப் பொருத்திவிட வேண்டாம். மேற்குத்தொடர்ச்சி மலையின் வறண்ட இலையுதிர் காடுகளில் எரிவது பெரும்பாலும் சருகும் புல்லும்தான், மரம் பெருவாரியாகச் சாவதில்லை. அதோடு கரையான் இருக்கிறது. ஆறு கண்டங்களில் 130க்கும் மேற்பட்ட இடங்களில் பைன் கட்டைகளை வைத்துப் பார்த்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, வெப்பம் 10 டிகிரி கூடினால் நுண்ணுயிர்கள் மரத்தை மட்கவைக்கும் வேகம் இரண்டு மடங்குக்குள்ளேயே கூடுகிறது, கரையானின் வேலை ஆறு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று சொன்னது. முதுமலையில் ஒரு கட்டையை மண்ணில் வைத்தால், பூஞ்சைக்கு முன் கரையான் வந்துவிடலாம். நான் வேலை பார்த்தது குளிர்ந்த ஊசியிலைக் காட்டில். கரையான் நிலத்துக்கு அந்த நிலத்தில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள்.

சரி, இரண்டு ஆண்டில் என்ன செய்யலாம்? பெரிய மரம் மட்குவதை அளக்க முடியாது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். எரியாத இடம், லேசாக எரிந்த இடம், மண் சுட்ட இடம் என்று மூன்று நிலைகளை, கூடுமானால் வெவ்வேறு தீக்களில், தேர்ந்தெடுங்கள். ஆஸ்பென் கட்டைகளை முதல் இலையுதிர் காலத்தில் புதைத்து, ஓராண்டிலும் ஒன்றே முக்கால் ஆண்டிலும் எடுங்கள். அதே நாளில் பைன் கட்டைகளையும் புதையுங்கள், ஆனால் அவற்றைத் தொடாதீர்கள். அந்தக் காலத்துக்குள் அவை பெரிதாக எடை இழக்காது. ஐந்தாம் ஆண்டில் எடுக்க வேண்டியவை, பத்தாம் ஆண்டில் எடுக்க வேண்டியவை என்று தனித்தனியாக எண் போட்டு, வரைபடத்தையும் வெட்டிவைத்த சாட்சித் துண்டுகளையும் உங்கள் வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிடுங்கள். கூடவே, ஒவ்வோர் இடத்திலும் 30 மீட்டர் கயிறு பிடித்து, அதன் குறுக்கே கிடக்கும் மரங்களில் எத்தனை மண்ணைத் தொடுகின்றன, எத்தனை அந்தரத்தில் கிடக்கின்றன, உளுத்த மரம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். இதற்கு ஒரு கயிறும் பேனாக்கத்தியும் போதும். கத்தி நுனி எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து உளுத்த நிலையைத் தரம்பிரிக்கலாம்.